சந்திரம்மாளின் கைநாட்டு

பிரமாணப் பத்திரத்தின் ஐந்தாவது பத்தியைத் தட்டச்சு செய்ய உட்காரும்போதெல்லாம் அறைக்குள் சீயக்காய் வாடை வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தலைமுழுகுகிறார்கள் என்று பத்திர எழுத்தர் முனிரத்தினம் முதலில் விட்டுவிட்டார். கரண்டு போய், மின்விசிறி நின்று, ஸ்ரீபெரும்புதூரே வேர்த்துக் கிடந்த ஆடி மாதத்து மத்தியானம் அது. பக்கத்தில் வீடே இல்லை, பூட்டிக் கிடக்கும் உரக்கடைதான் இருக்கிறது என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

வாசலில் பலராமன் வந்து நின்றான்.

“இன்னா ரைட்டரே, இன்னும் முடிலயா? நாலு மணிக்கு நோட்டரி கெளம்பிடுவாரு.”

“கடைசிப் பக்கந்தான்பா.”

“அத்த சாவுலயும் உயில்லயும் சந்தேகம்னு அவ பொண்ணு சரோஜா கோர்ட்ல எழுதிக் குடுத்துகீறா. நீ கையெழுத்துப் போடலன்னு வையி, நான் மட்டும் உள்ள போவ மாட்டேன்.”

கதவைச் சாத்திவிட்டு டீக்கடைக்குப் போனான்.

அந்த அத்தை, பிள்ளைப்பாக்கத்துச் சந்திரம்மாள், தை மாதம் செத்துப்போனாள். நாலு ஏக்கரும் அண்ணன் மகன் பலராமனுக்கே என்ற உயிலில் அவள் கைநாட்டு இருந்தது. சாட்சி, முனிரத்தினம். அவள் உயிரோடு, நல்ல நினைவோடு, என் கண்ணெதிரே கைநாட்டு வைத்தாள் என்று அவர் இப்போது கோர்ட்டுக்குப் பிரமாணம் எழுதித் தர வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே இருபது வருஷம் பிழைத்த மனிதருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனாலும் விரல் ஓடவில்லை.

அவள் செத்த அன்றைக்கு அவர் போனபோது உடம்பைச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, கை கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டியிருந்தார்கள். பெண்கள் வாசலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பலராமன் கதவைச் சாத்தினான். முனிரத்தினம் கட்டை அவிழ்த்தார், மை தடவினார், உயிலில் பதித்தார், துடைத்தார், மறுபடி கட்டினார். செத்தவளின் கைநாட்டு. அவ்வளவுதான் பாவம்.

அவ்வளவுதானா?

தட்டினார். ‘அச்சமயம் மேற்படி சந்திரம்மாள் உயிரோடு இருந்தார்.’

அப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொன்னால் அதுவும் பொய். ஞாபகம் எப்போதுமே இருந்தது. மறுபடி கட்டும்போது அந்தக் கட்டைவிரல் மடங்கியது. ஒரே ஒரு தரம். வெதுவெதுப்பாக. கையிலிருந்து நழுவப் பார்த்தது. பலராமன் அவரைப் பார்த்தான். அவர் முடிச்சை இறுக்கினார். பாடை தயாராக இருந்தது. உச்சிவெயிலுக்குள் எரித்துவிட்டார்கள்.

ஆக, பொய்யென்று பயந்த வரி பொய்யே இல்லை.

தட்டச்சுப் பொறியிலிருந்து தாளை உருவப் பார்த்தார். வரவில்லை. சீயக்காய் வாடை போயிருந்தது. இப்போது வேறு வாடை. மயிர் கருகும் வாடை.

“பலராமா...”

சாத்திய கதவு திறக்கவில்லை.

உருளைக்கு மேலே விறைத்து நின்ற தாள் லேசாகப் புடைத்தது. காற்று இல்லை. புடைப்பு அவர் பக்கம் வந்தது. நெற்றி. மூக்கு. தாடை. ஓரங்கள் பழுப்பேறின. பின்னால் சுவர்தான். வெறும் சுவர்.

வாய் இருந்த இடத்தில் தாள் உள்ளே போயிற்று.

வெளியே வந்தது.

மறுபடி உள்ளே போயிற்று.