பதினான்காம் விதி

ஜெனோவா தன் கணவரை மறந்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு. வலியில்லை. நினைவறை ஊழியர் ஃபர்ஹானா அவள் தலையில் வளையத்தைப் பொருத்தி, கண்ணை மூடச் சொன்னாள். திறந்தபோது மறைதிரை விழுந்திருந்தது.

கடல்நீர்ச் சுத்திகரிப்புத் தரநிர்ணயக் குழுவில் ஒன்பது உறுப்பினர்கள். ஆண்டுதோறும் நன்னீர் விருதுக்கு வந்த ஐந்து கோப்புகளிலிருந்து இரண்டைப் பரிந்துரைப்பார்கள். ஒரு காலத்தில் அந்த இரண்டும் யாராவது ஒருவருடைய மைத்துனருக்கோ மாணவனுக்கோ போய்ச் சேர்ந்தன. ஜெனோவாதான் சண்டை போட்டு மறைதிரையைக் கொண்டுவந்தாள். போட்டியாளர்களின் முகம், குரல், பெயர் ஆகியவற்றோடு ஒட்டிய நினைவுகளை அது மூன்று நாள் மூடிவிடும். மூடிய இடத்தில் பள்ளம் தெரியாது. அவள் விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. அதைப் போட்டது யார் என்ற கேள்வியே அவளுக்கு எழவில்லை.

போட்டியிட அவள் கணவர் தஸ்நேவிஸுக்கு விருப்பமில்லை. "மூணு நாளு நீ என்னைய மறந்து கெடக்கணுமா? விருதும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்ட்டி" என்றார். அவள்தான் விடவில்லை. "இருபத்தாறு வருஷ உழைப்புங்க. என் புருஷன்ங்கதுக்காக உங்க பேரு விட்டுப் போகக்கூடாது" என்று படிவத்தை அவளே நிரப்பினாள். பிள்ளைகள் இல்லாத வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர் அவளைத் தூத்துக்குடி விருந்தினர் மாளிகை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் நான்காம் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் நாற்பத்தாறு ஆலைகளுக்கு நேரில் போய், உப்பை வடிகட்டும் சவ்வுகள் எந்த மாதத்தில், எந்த ஓரத்தில் முதலில் கிழிகின்றன என்று வருடக்கணக்காக அட்டவணை போட்டிருந்தார். 'உழைப்பு மிகுதி. புதுமை குறைவு' என்று ஓரத்தில் எழுதி நூற்றுக்கு நாற்பத்தொன்று மதிப்பெண் போட்டாள்.

அப்போது குழுச் செயலர் கோமதிநாயகம் வந்தார். மின்விசிறி ஓடியும் அவருக்கு வியர்த்திருந்தது.

"மேடம், பட்டியல்ல உள்ள ஒருத்தருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. உங்களப் பாக்கணும்னு கேக்காரு."

"என்னையா? எனக்கு அவரத் தெரியுமா?"

"அத நான் சொல்லக்கூடாது. பதினாலாம் விதி."

அவள் எழுதிய விதி. திரையில் இருப்பவரிடம் உறவைச் சொல்லக்கூடாது. நடுவில் திரையை நீக்க வேண்டுமானால் உறுப்பினரே கேட்க வேண்டும். நீக்கினால் அந்த ஆண்டுத் தேர்வே ரத்து.

ஜெனோவா உண்மையாகவே யோசித்தாள். தனக்கு ஏதோ ஒரு விதத்தில் வேண்டியவர் என்பது புரிந்தது. கூட வேலை பார்த்தவராக இருக்கலாம், பழைய ஆசிரியராகவும் இருக்கலாம். ஆனால் மேசையில் இன்னும் நான்கு பேரின் கோப்புகள் கிடந்தன.

"ஒருத்தருக்காக நாலு பேரு உழைப்ப வீணாக்க முடியாதுங்க. அவருக்குச் சீக்கிரம் குணமாகட்டும். குழு சார்பா ஒரு பூங்கொத்து அனுப்பிருங்க."

கோமதிநாயகம் நகரவில்லை. "இன்னொரு தடவ யோசிச்சுப் பாருங்களேன், மேடம்."

"நீங்க இப்பிடிக் கேக்கதே விதிமீறல்."

அவர் போய்விட்டார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு மதிப்பெண் தாள்களுக்கு முத்திரை வைத்தார்கள். நினைவறைக்குள் ஜெனோவா நுழைந்தபோது ஃபர்ஹானாவின் கண்கள் சிவந்திருந்தன. கோமதிநாயகம் சுவரோரமாக நின்றார்.

"நேத்து சொன்னேன்லா மேடம், அவரு சாயங்காலம் தவறிட்டாரு. இப்ப சொல்லலாம். அவரு உங்க வீட்டுக்காரரு. பேரு தஸ்நேவிஸ்."

ஜெனோவா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை. செய்தித்தாளில் படித்த சாவுபோல் இருந்தது. அப்படி இருப்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நல்ல மனுஷரா?"

கோமதிநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வரலைன்னு நான்தான் போய்ச் சொன்னேன். சிரிச்சாரு. 'சரியாத்தான் செஞ்சிருக்கா. அவளத் தொந்தரவு பண்ணாதிய'ன்னாரு."

ஃபர்ஹானா மெதுவாகச் சொன்னாள்: "மேடம், திரைய எடுக்காமலே விட்டுரலாம். சட்டத்துல இடமிருக்கு. நெறைய பேரு அப்பிடிக் கேட்டு வாங்கிருக்காங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

ஜெனோவா நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள். ஒரு கோப்பை எடைபோடுவது போலத்தான் அதையும் எடைபோட்டாள். இப்போது அவளுக்குப் பசித்தது, இரவு நன்றாகத் தூங்கியிருந்தாள், உடம்பில் ஒரு குறையும் இல்லை. உட்கார்ந்தால் இது எதுவும் இனி இருக்காது.

"அவருக்குப் பிள்ளைங்க?"

"இல்ல, மேடம்."

"கூடப் பொறந்தவங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப அவருக்காக அழ யாரு இருக்கா?"

ஜெனோவா போய் உட்கார்ந்து வளையத்தைத் தானே தலையில் மாட்டிக்கொண்டாள்.

முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பிரசங்கத்தின் நடுவே வாய் திறந்து தூங்குகிறார். அவள் முழங்கையால் இடிக்கிறாள். அப்புறம் மீன் தலையை அவள் தட்டுக்குத் தள்ளும் விரல்கள். ஆலை ஆலையாகப் போய்விட்டு வந்து கழற்றிப் போட்ட, உப்புப் பூத்த செருப்பு. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது, இருபத்தாறு வருடமும். கடைசியாக நான்காம் கோப்பு வந்தது.

அவள் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்த அவர் தலைமாட்டில் பூங்கொத்து வாடாமல் இருந்தது. அட்டையில் 'குழு சார்பில்' என்று அச்சடித்திருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பதினான்காம் விதியைத் திருத்தும் தீர்மானத்தை ஜெனோவாவே கொண்டுவந்தாள். உயிர் போகும் நேரத்தில் உறவைச் சொல்லலாம், தேர்வு ரத்தாகாது. இரண்டே வரித் திருத்தம். குழு மரியாதையோடு கேட்டது. பிறகு தலைவர் தயங்கித் தயங்கி, விதித் திருத்தத்துக்கும் பாரபட்சமற்ற வாக்கு வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் உள்ளவர் வாக்களிக்க வேண்டுமானால் அந்த அனுபவம் மறைந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் போதும். ஃபர்ஹானா வளையத்தோடு காத்திருக்கிறாள்.

"ஒரு மணி நேரம்தான் மேடம்" என்றார் கோமதிநாயகம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஒரு நிமிஷம்கூட அவர விடமாட்டேன்" என்றாள் ஜெனோவா.

அவள் பெயருக்கு எதிரே 'சார்புடையவர். வாக்குரிமை இல்லை' என்று குறிப்பேட்டில் பதிந்தார்கள். மற்ற எட்டுப் பேரும் தெளிந்த மனத்தோடு வாக்களித்தார்கள். நான்குக்கு நான்கு. சமநிலை என்றால் பழைய விதியே நீடிக்கும்.