ஏழாம் எண் தகடு

ஜனவரி 4, 1999. காலை 9.20. ட்சுகுபா.

செகவா அயானோ குமிழைத் திருப்பினாள். எண்ணூறு வோல்ட். வெற்றிடக் கலத்தின் கண்ணாடிச் சாளரத்தில் பச்சை ஒளி வரவேண்டும். வரவில்லை.

அந்தக் கலத்துக்குள் இருந்தது நகமளவு தகடு. அதன்மேல் கார்பன் நுண்குழாய்கள் புல் போல முளைத்திருக்கும். மின்னழுத்தம் கொடுத்தால், சூடேறாமலே அவற்றின் முனைகளிலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து எதிர்த்திரையை ஒளிரவைக்கும். மூன்று ஆண்டுகளில் அவள் வளர்த்தவற்றுள் நடுங்காமல் ஒளிர்ந்தது ஏழாம் எண் தகடு ஒன்றுதான். டிசம்பர் 28 மாலை ஆய்வுக்கூடமே அதைப் பார்த்துக் கைதட்டியது. பிறகு எல்லோரும் சேர்ந்தே கதவைப் பூட்டிக்கொண்டு புத்தாண்டு விடுமுறைக்குப் போனார்கள்.

கலத்தைத் திறந்து தகட்டை எடுத்தாள். பின்புறம் அவள் கீறியிருந்த '7' இல்லை. இது வேறு தகடு.

"ஒசாகா கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அவங்களுக்குத் திருடிக் குடுத்துட்டியா?" என்றார் பின்னால் நின்ற இயக்குநர் மிகுரியா.

10.30. இன்ஸ்பெக்டர் குராமோச்சி தனியாகத்தான் வந்தார்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"மூணே பேர். நான், செகவா, பம்ப் பார்த்துக்கிற நுகாதா சான்," என்றார் மிகுரியா. "நான் ஹவாய்ல இருந்தேன், நேத்துதான் வந்தேன். இன்னைக்கு எட்டு நாப்பதுக்கே வந்து நின்னது இவ. மார்ச்சோட ஒப்பந்தம் முடியுது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நீங்க எங்க இருந்தீங்க, செகவா சான்?"

"நாகானோல. அப்பாவோட விடுதியில. இருபத்தெட்டு ராத்திரிலேருந்து நேத்து வரைக்கும் பரிமாறிட்டிருந்தேன். நாப்பது பேர் சாப்பிட்டாங்க, கேட்டுப் பாருங்க."

11.05. அறுபத்தொரு வயது நுகாதா தன் மேசை முன் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பயணப் பை. தேநீர்க் குவளையில் சாய்த்து வைத்திருந்த முயல் படம் போட்ட புத்தாண்டு அட்டையில் ஒரு சிறுமி சிரித்தாள்.

"விடுமுறைக்கு எங்க போனீங்க?"

"அகிதா. பொண்ணு வீட்டுக்கு."

"எப்ப திரும்பினீங்க?"

"இன்னைக்குக் காலைலதான். பஸ்ஸை விட்டு இறங்கி நேரா இங்க. இன்னும் வீட்டுக்குக்கூடப் போகல."

"பேத்தியா?" குராமோச்சி அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா. அஞ்சு வயசு. வாயாடி."

இன்ஸ்பெக்டர் அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

11.40. மூவரையும் கலத்தின் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"காலைல கலத்தோட அழுத்தமானி முள் எங்க இருந்தது?"

"கடைசிக் கோட்டுல, முழு வெற்றிடத்துல. நானும்தான் பார்த்தேன்," என்றார் மிகுரியா.

"கலத்தைத் திறந்து மூடினா, மறுபடி காத்தெல்லாம் உறிஞ்சி அந்தக் கோட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும்?"

மிகுரியா செகவாவைப் பார்த்தார். அவர் பம்பைத் தொட்டுப் பத்து வருடமாகிறது.

"ரெண்டு நாள்," என்றாள் செகவா. "அதைத்தான் காலைலேருந்து சொல்ல வர்றேன். சொல்ல விட்டாத்தானே."

"அப்போ இன்னைக்கு எட்டு நாப்பதுக்கு வந்தவங்க தகட்டை மாத்தியிருக்க முடியாது. விடுமுறைலதான் மாத்தியிருக்காங்க. அப்போ ஒருத்தர் ஹவாய்ல, ஒருத்தர் நாகானோல." குராமோச்சி மூன்றாமவர் பக்கம் திரும்பினார். "நுகாதா சான், புத்தாண்டு அட்டையைத் தபால்காரர் ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி போடமாட்டார். உங்க அட்டையில இருக்கிறது உங்க வீட்டு விலாசம். வீட்டுக்கே போகாதவர் மேசைக்கு அது எப்படி வந்தது?"

குராமோச்சி குரலைத் தாழ்த்தினார்.

"அதுல உங்க பொண்ணு எழுதியிருக்கா. 'இந்தத் தடவையும் வீட்டுக்குக் கூப்பிட முடியல, மன்னிச்சுக்குங்கப்பா.'"



"வீட்டுல வெச்சா யாரு பார்க்கப் போறா? அதான் இங்க கொண்டு வந்தேன்," என்றார் நுகாதா. "ஒண்ணாம் தேதி மத்தியானம் சும்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். அழகா இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு வோல்ட்டை ஏத்தினேன். பளிச்சுன்னு ஒரு பொறி. அவ்வளவுதான். பழைய தகடு ஒண்ணை வெச்சு மூடிட்டேன்."

"அவளைத் திருடின்னு சொன்னப்பகூட வாயைத் திறக்கலையே!" மிகுரியா கத்தினார். "தவறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, ஒண்ணாம் தேதி நான் ஏன் இங்க இருந்தேன்னும் சொல்லணுமே."

அவர் எழுந்து போய்த் தன் மேசை இழுப்பறையைத் திறந்து, காகிதத்தில் மடித்திருந்த கருகிய தகட்டை எடுத்தார். செகவாவின் முன் வைத்துத் தலை தாழ்த்தினார். வெகுநேரம் நிமிரவில்லை.

செகவா அதைத் தொடவில்லை. அவள் கண்கள் சிவந்திருந்தன. எழுந்து போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எத்தனை வோல்ட் வரைக்கும் தாங்குச்சு?" என்றாள்.

"ஆயிரத்து முந்நூத்து நாப்பது."

"அவ்வளவா! நான் தொள்ளாயிரத்தைத் தாண்டினதே இல்ல, பயம். மின்னோட்டம் எவ்வளவு? குறிச்சீங்களா?"

"படிப்படியா. எல்லாத்தையும்."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். நுகாதா எண்களைச் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மிகுரியா முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

வழக்கு இல்லை. குராமோச்சி கோட்டை மாட்டிக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை. அவருக்கும் எங்கும் அவசரமில்லை. ஒரு எண்கூடப் புரியாமல், அந்த இருவரும் பேசுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.