கடைசி சைக்கிள்

“குழி” என்று இளம்பரிதி சொல்லி முடித்ததும், அவனுக்குப் பின்னாலிருந்து யாரோ மெதுவாக, “குழி” என்றார்கள்.

யாரும் சொல்லியிருக்க முடியாது. அவன்தான் கடைசி ஆள். ஞாயிறு மாலைகளில் தர்மபுரியைச் சுற்றிப் போகும் இந்த சைக்கிள் குழுவில், முன்னால் போகிறவர் குழியையோ கல்லையோ பார்த்தால் குரல் கொடுப்பார். ஒவ்வொருவரும் அதைப் பின்னால் வருபவருக்குச் சொல்வார்கள். கடைசி ஆளோடு அது நின்றுவிடும். அவன் சொன்னது பழக்க தோஷத்தில்தான்.

மழை வரும்போல் இருந்ததால் இன்று மூன்றே பேர். முன்னால் காவியா. அவளுக்கு அடுத்து, இத்தனை மாதமாக இளம்பரிதி ஓட்டிய இடத்தில், புதிதாகச் சேர்ந்த மாது.

“மாது ரெண்டாவதா வரட்டுங்க, பரிதி. வத்தல்மலை ஏத்தத்துல பழகுன காலு,” என்று கிளம்பும்போது காவியா சொல்லியிருந்தாள். “நீங்க கடைசியில வாங்க. யாரும் விட்டுப்போயிடக் கூடாது.”

ராமக்காள் ஏரிக்கரையில் சேற்று நாற்றமும் குப்பை எரிந்த புகையும் கலந்து வர, தன் செயினின் கிறீச்சுக்கு அடியில் இன்னொரு செயின் மெல்ல ஓடுவதுபோல் அவனுக்குக் கேட்டது. ஆனால் அதைவிட, முன்னால் மாது ஏதோ சொல்ல காவியா சிரித்ததுதான் தெளிவாகக் கேட்டது. தன்னோடு இப்படிச் சிரித்திருக்கிறாளா? யோசித்துப் பார்த்தான். உறுதியாகத் தெரியவில்லை.

“கல்லு,” என்றாள் காவியா.

“கல்லு,” என்றான் மாது.

இளம்பரிதி வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டான்.

“கல்லு.”

முதுகுக்குப் பின்னால். அவனுடைய சொந்தக் குரல். திரும்பினான். வெறும் சாலை.

டீக்கடையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

“என்னண்ணா, இப்படி வேர்த்திருக்கு?” என்றான் மாது. “சைக்கிளோட உங்களுக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும் போல.”

காவியா சிரித்தாள். இளம்பரிதி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“மாது, நீ கடைசியில வா,” என்றான். “எனக்குப் பின்னாடி லைட் எரியல.”

“சரிங்கண்ணா.”

விளக்கை அணைத்தது அவனேதான்.

இருட்டத் தொடங்கியது. முன்னால் காவியாவின் முதுகு. காற்றில் அவள் சட்டையின் சோப்பு வாசனை. தன் இடம். அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

“குழி.”

“குழி,” என்றான்.

“குழி,” என்றான் மாது.

“குழி.”

“அண்ணா, எனக்குப் பின்னாடி யாருண்ணா?”

இளம்பரிதி காவியாவின் முதுகையே பார்த்து ஓட்டினான்.

“அண்ணா, கொஞ்சம் நில்லுங்கண்ணா.”

நின்றால் காவியாவும் நிற்பாள். மாதுவிடம் திரும்பிப் போவாள். அவன் அழுத்தி மிதித்தான்.

“கல்லு,” என்றாள் காவியா.

“கல்லு.”

அவன் சொன்ன பிறகு பின்னால் யாரும் சொல்லவில்லை. செயின் ஓடும் சத்தம் மட்டும். பக்கத்தில்.

திரும்பினான். மாதுவின் சைக்கிள். முன்விளக்கு எரிந்தது. பெடல்கள் ஏறி இறங்கின. சீட்டில் ஆளில்லை.

“பரிதி, மாது வர்றானா பாருங்க,” என்றாள் காவியா, திரும்பாமலே.

வாயைத் திறந்தான். குரல் எழவில்லை.

“வர்றான்,” என்றது அவன் குரல், காதுக்குப் பின்னால். “நீங்க போங்க.”

காவியா மிதித்தாள்.