வாளுக்குப் படைத்த சோறு

மூடி வைத்துவிட்டுப் போன சோற்றின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது.

தாட்சாயினி மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். காலையில் வடித்து, அகப்பையால் தட்டிச் சமப்படுத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போன சோறு அது. இப்போது அதில் ஒரு கை அள்ளிய அளவுக்குக் குழி. அகப்பை பட்ட தடம் இல்லை. விரல்கள் இறங்கிய தடம் இருந்தது. கணவன் ஞானசுந்தரம் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல் செய்கிறவர், அவருக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். மகள் தர்மிளா அலுவலகத்துக்குப் பாண் கட்டிக்கொண்டு போகிறவள். அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஆள் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அலுமாரிக்குப் பின்னால் ஒரு வாள் இருந்தது.

ஆர்ஜொந்தெயில் அவள் பராமரித்துவந்த பிரெஞ்சுக் கிழவர் இறந்ததும், அவருடைய மகன் தியரி வீட்டை ஒதுக்கினான். இரண்டு போர்வை, ஒரு சுவர்க்கடிகாரம், பிறகு துணி சுற்றிய அந்த நீளப் பொருள். "இதையும் கொண்டுபோங்கள் மதாம். ஜப்பான் வாள். என் வீட்டில் இது வேண்டாம்," என்று சொன்னவன், கையில் தரவில்லை. காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டான். குப்பையோடு போட அவளுக்கு மனம் வரவில்லை. குடைபோலக் கட்டி ரயிலில் கொண்டுவந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வாசனை. மீன் கழுவிய தண்ணீரும் இரும்பும் கலந்த வாசனை. சன்னலைத் திறந்தால் எதிரே பாலத்தில் மெத்ரோ ரயில் போகும் சத்தமும், கீழே கறிவேப்பிலைப் பெட்டிகளை இறக்குகிறவர்களின் குரலும், கொத்துரொட்டி தட்டும் ஓசையும் ஏறிவரும். அந்த வாசனை மட்டும் வெளியே போகாது. சத்தங்கள் ஓய்ந்த இடைவெளியில், அலுமாரிப் பக்கமிருந்து, யாரோ எச்சில் விழுங்குவதுபோல மெல்லிய ஓர் ஒலி வரும். ஒரு முறை. பிறகு நெடுநேரம் கழித்து இன்னொரு முறை.

"இஞ்சேருங்கோ, சோத்துக்குள்ளை கை வைச்சனீங்களோ?" என்று கணவனிடம் கேட்டாள்.

"நான் முழுநாளும் சோத்துக்கு நடுவிலைதான் நிக்கிறன். வீட்டுச் சோத்தையும் களவெடுக்கவேணுமோ எனக்கு?" என்றார் ஞானசுந்தரம்.

அவள் சிரிக்கவில்லை. அள்ளிய கை பசித்த கை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பசியைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்திலிருந்து அவள் மூத்த மகன் மதுஷன் பேருந்தில் ஏற்றப்பட்டான். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றது இராணுவம். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பேருந்து போன திசையில் இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவன் போன திகதியில் ஒரு இலை போட்டுப் படைத்துவிடுவோம் என்று ஞானசுந்தரம் ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். அவள் ஒவ்வொரு வருடமும் மறுத்துவிடுவாள். படைத்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாயே கையெழுத்து வைத்ததுபோல. படைக்காதவரைக்கும் அவன் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். பிள்ளையைத் தேடுகிற தாயின் கணக்கு இது. உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சனிக்கிழமை மூவரும் வீட்டில் இருந்தார்கள். தர்மிளா வாளை மேசையில் வைத்துப் பிரித்தாள். அவளோடு வேலை செய்யும் மிச்சிகோ என்ற ஜப்பான்காரிக்கு வாள்களைப் பற்றித் தெரியுமாம். வாளைச் செய்தது யார் என்று கைப்பிடிக்கு உள்ளே மறைந்திருக்கும் இரும்பில்தான் வெட்டியிருக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். மூங்கில் ஆணி ஒன்றை ஊசியால் தள்ளியதும் கைப்பிடி கழன்றது. உள்ளே கருத்துப்போன இரும்பு. அதன்மேல் ஏதோ கீறல்கள். எழுத்தா, துருப்பிடித்த கறளா என்று பிரிக்க முடியவில்லை.

தாட்சாயினியின் கை தன்பாட்டில் நீண்டது.

"அம்மா, தேய்க்கவேண்டாம். அந்தக் கறளைப் பாத்துத்தான் வயசு சொல்லுவினமாம்."

"கேட்டீரோ?" என்றார் ஞானசுந்தரம். "குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டு மினுக்கிப்போடாதையும்."

அவள் சாமித்தட்டிலிருந்து திருநீற்றை எடுத்துவந்தாள். தேய்க்கவில்லை. இரண்டு விரலால் தொட்டு, நெற்றியில் பூசுவதுபோல, அந்த இரும்பின்மேல் மெல்லப் பூசினாள். மிச்சத்தை ஊதிவிட்டாள். பள்ளங்களில் நீறு தங்கியது. கறுப்பிலிருந்து எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. இரண்டு பக்கமும்.

அந்த நேரத்தில் எச்சில் விழுங்கும் சத்தம் மேசைக்கு மிகக் கிட்டக் கேட்டது. மகள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் கைபேசியில் படம் எடுத்து மிச்சிகோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பதில் துண்டு துண்டாக வந்தது.

"ஒரு பக்கத்திலை செய்த கொல்லன்ரை பேராம். முந்நூறு வருசத்துக்கு மேலை இருக்குமாம்." தர்மிளா திரையைத் தள்ளினாள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"மற்றப் பக்கம்?"

"காணும், அம்மா. விடுங்கோ."

"சொல்லு பிள்ளை."

"கூர் பாத்ததாம். புது வாள் நல்லா வெட்டுதோ எண்டு. ரெண்டு உடலை ஒண்டுக்குமேலை ஒண்டு வைச்சு, இடுப்பாலை. ஒரே வெட்டு. அதைத்தான் எழுதியிருக்கு."

"ஆரின்ரை உடல்?"

"மரணதண்டனை குடுத்த ஆக்களின்ரை. அந்தக் காலத்திலை அப்பிடியாம்."

"அவையின்ரை பேர் என்னவாம்?"

"வெட்டினவரின்ரை பேர் இருக்கு. அவையின்ரை பேர் இல்லை."

ஞானசுந்தரம் எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தார். தாட்சாயினி அந்த வெள்ளை எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் திருப்பிக் கொடுக்காத உடல்கள். இலை போட ஆள் இல்லாத இரண்டு வாய்கள். அவர்களின் தாய்மார் எந்த வாசலில் இருந்து காத்திருப்பார்கள்?

"வாற அமாவாசைக்கு அவைக்கு ஒருக்காப் படைச்சு விடுவம். பசி அடங்கினால் போயிடுவினம்," என்றாள்.

கணவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "முன்பின் தெரியாத சப்பான்காரருக்கு இலை போடப் போறீர். பெத்த பிள்ளைக்கு ஒரு இலை போடமாட்டீர்."

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் படைப்பினமோ?"

அவர் சன்னலை இழுத்துச் சாத்தினார்.

அமாவாசையன்று அவள் வேலையிலிருந்து வெள்ளெனத் திரும்பிவிட்டாள். வாழையிலையும் மீனும் வாங்கிக்கொண்டு படியேறினாள். சாவீட்டில் எட்டாம் நாள் எட்டுச்செலவுக்குச் செய்வதுபோல, செத்தவருக்கு விருப்பமானதைத்தான் சமைக்கவேண்டும். ஆனால் பெயரே தெரியாதவர்களின் விருப்பத்தை யாரிடம் கேட்பது? அவள் யோசித்துக்கொண்டே அடுப்பை மூட்டினாள். யோசனை ஒரு பக்கம் ஓட, கை ஒரு பக்கம் சமைத்தது. வெங்காயம் வதங்கும் வாசனையில் முதல்முறையாக அந்த இரும்பு வாசனை பின்வாங்கியது. கீரிமீனைக் கருகப் பொரித்தாள். முருங்கைக்காயைத் தேங்காய்ப்பாலில் தடிப்பாக இறக்கினாள். உருளைக்கிழங்கைப் பெருஞ்சீரகம் போட்டுப் பிரட்டினாள். முட்டையை மிளகாய் போடாமல் பொரித்தாள். சன்னல் கண்ணாடி ஆவியில் மங்கியது. இருள ஆரம்பித்த தெருவில் கடைவிளக்குகள் எரிந்தன.

வாளுக்கு முன்னால் இரண்டு இலை போட்டாள். விளக்கேற்றினாள். வாங்கோ, வந்து சாப்பிட்டிட்டு நிம்மதியாய்ப் போங்கோ, என்று கும்பிட்டாள். படைத்தபிறகு அவர்கள் சாப்பிடுவதை உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக்கூடாது. கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் வந்து நின்றாள்.

படிக்கட்டு விளக்கு தானே அணைகிற விளக்கு. அணைந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். உள்ளே இலை அசைந்தது. விரல் இலையில் வழிக்கும் சத்தம். நீண்ட காலம் சாப்பிடாதவர்கள் சாப்பிடும் வேகம். அவளுக்குப் பயத்தைவிட ஆறுதல்தான் கூடுதலாக இருந்தது. கண் கலங்கியது. சாப்பிடுங்கோ ராசாக்கள், என்று வாய்க்குள் சொன்னாள்.

விளக்கு மறுபடி அணைந்தது. கீழே காலடி ஓசை. தர்மிளா ஏறிவந்தாள். கடைசிப் படியில் நின்று சமையல் வாசனையை மூக்கால் உறிஞ்சினாள்.

"அம்மா." அவள் குரல் உடைந்திருந்தது. "கடைசியிலை ஓமெண்டிட்டீங்களே? அண்ணாக்குப் படைச்சனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. வாளிலை இருக்கிற ஆக்களுக்கு."

"எல்லாம் அண்ணாவின்ரை சாப்பாடு அம்மா. மிளகாய் மணக்காத முட்டைப் பொரியல். அண்ணாவைத் தவிர ஆரும் அப்பிடிச் சாப்பிடமாட்டினம்."

இருட்டில் தாட்சாயினி தன் கைகளைப் பார்த்தாள். தெரியவில்லை. மீன் மணத்தது.

உள்ளே சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு, இரண்டு பேர் சாப்பிடும் சத்தத்துக்கு நடுவில், இன்னொன்று. இருமல். சின்ன இருமல். அவளுக்குப் பழகிய இருமல்.

அவள் கதவைத் திறந்தாள். மகள் வருமுன் உள்ளே போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

விளக்கு எரிந்தது. இலைகளுக்கு முன்னால் இரண்டு பேர். குனிந்திருந்தார்கள். இரண்டு கையாலும் அள்ளினார்கள். இடுப்புவரைதான் இருந்தார்கள். அதற்குக் கீழே தரை.

பக்கத்தில் மூன்றாவது ஆள்.

அவனுக்கு இலை இல்லை. சுவரில் சாய்ந்திருந்தான். பத்தொன்பது வயது. பேருந்தில் ஏற்றிய அன்று போட்டிருந்த சட்டை. அவளையே பார்த்தான். கை நீட்டவில்லை.

வாயைத் திறந்தான்.

"அம்மா, கதவைத் திறவுங்கோ," என்றது வெளியே குரல். "ஆரோடை கதைக்கிறீங்கள்?"

அவள் கதைக்கவில்லை. நின்றாள். ஊட்டாவிட்டால் அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான். எங்கேயோ. ஒரு சிறையில். ஒரு ஊரில். யாரோ ஒருத்தியின் வீட்டில்.

வாய் திறந்தே இருந்தது. உதடுகள் வெடித்திருந்தன.

அவள் முழங்காலில் இருந்தாள். சட்டியிலிருந்து சோறு எடுத்தாள். மீனில் முள் பார்த்தாள். குழைத்தாள். உருட்டினாள்.

"ஆ காட்டு ராசா."

விழுங்கினான். தொண்டை அசைந்தது. மறுபடி திறந்தான். மறுபடி உருட்டினாள். ஒரு கையால் அவன் தலையைத் தடவினாள். குளிர்ந்திருந்தது. மண் உதிர்ந்தது.

சட்டை முடிகிற இடத்தில், அவனுக்கும் தரைதான் இருந்தது. ஊட்டிய சோறு பிடி பிடியாக அங்கே விழுந்தது. நனைந்த சோறு. அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடுத்த பிடியை உருட்டினாள்.

அவன் பசியோடு அவளைப் பார்த்து, மறுபடியும் வாயைத் திறந்தான்.