மூக்கு ஜன்னல்

ஆகஸ்ட் மாதத்தில் தெற்கு பிரான்ஸில் இருக்கிற கிராஸ் நகரத்துக்கு வேலை பார்க்க வருகிறவளைக் கண்டால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பாவமாக இருக்கும். கடைகளை இழுத்துச் சாத்திவிட்டு எல்லோரும் கடற்கரைக்கு இறங்கிவிடுகிற மாதம் அது. அனூக் ரூமியூ காலை ரயிலை விட்டு இறங்கியபோது நிலையத்தில் ஒரு பூனையும் அவள் தோழி கொலோம்பும்தான் இருந்தார்கள்.

“ஊரே கடல்ல காலை நனைச்சிட்டு இருக்கு. நாம ரெண்டு கழுதைங்கதான் மலை ஏறுறோம்,” என்று சொல்லிக்கொண்டே கொலோம்ப் அவள் பையை வாங்கினாள். “நம்ம முதலாளி முசே வியால் எங்க தெரியுமா? கோர்சிகாவுல. படகுல.”

“இருக்கட்டும்டி. இந்த வாசனையும் பிடிக்கலைன்னா வேற மூக்கைப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டார்.”

மூக்கு என்றால் கிண்டல் இல்லை. வாசனைத் திரவியத் தொழிலில் புதுக் கலவையை உருவாக்குகிறவர்களுக்கு அதுதான் பெயர். அனூக் ஒரு மூக்கு. கொலோம்ப், மூக்கு செய்து தந்ததை முகர்ந்து, தேறுமா தேறாதா என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள். பாரிஸில் ஏழெட்டு வருஷம் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சண்டை போட்டவர்கள். இந்தத் தொழில்காரர்களிடம் ஒரு கோளாறு உண்டு, கண்ணை நம்பமாட்டார்கள். கொலோம்ப் தன் புருஷனை வேண்டாம் என்று அனுப்பியதே அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு ரோஜா வாசனைக்காகத்தான். கண்ணால் அவள் எதையும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை.

அவர்கள் போன கட்டடம் பழைய சோப்புத் தொழிற்சாலை. வியால் அதை வாங்கி, உள்ளே ஒரு வாசனையும் இல்லாதபடி சுரண்டி வெள்ளையடித்திருந்தார். நடைபாதையில் நடந்தால் தண்ணீருக்குள் நடப்பது போல மூக்குக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கடைசியில் இருந்தது ‘பெட்டி’.

அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. குளியலறை அளவுக்கு ஓர் அறை. தரை, சுவர், கூரை எல்லாம் வெள்ளை ஓடு. ரப்பர் வைத்த கனத்த கதவு. தாழ்ப்பாளும் விளக்குப் பொத்தானும் வெளிப்பக்கம். கதவில் முக உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நகரும் மூடி, அதுதான் மூக்கு ஜன்னல். உள்ளே வாசனையைத் தெளித்துக் கதவைச் சாத்திவிட்டு, அந்த ஜன்னலைத் திறந்து வெளியில் நின்றபடியே முகர்ந்து பார்ப்பார்கள். ஒரு பெண் எழுந்து போன பிறகும் அவள் பூசியிருந்தது அறையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடிப்பது. அப்படி நிற்பதைத் தடம் என்பார்கள். கப்பல் போன பின் தண்ணீரில் நிற்கிற கோட்டுக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான்.

தன் கலவையைத் தெளிப்பதற்கு முன், பெட்டி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அனூக் மூடியை நகர்த்தி மூக்கை வைத்தாள்.

உள்ளே யாரோ இருந்தார்கள்.

வெதுவெதுப்பான தோலின் வாசனை. ஒரு பெண்ணுடையது. சலவைப் பருத்தி, கழுத்து வியர்வை, அதற்கடியில் அத்தி இலை, புகை, ஐரிஸ் பூச்செடியின் காய்ந்த கிழங்கு. அத்தி இலையும் புகையும் ஐரிஸும் அவள் பையிலிருந்த புட்டியில் மட்டும் இருக்கிற கலவை. முந்தின நாள் முடித்தது. வேறு யாரும் அதைப் பூசிக்கொண்டதில்லை. இங்கே அது தோலில் பல மணி நேரம் கிடந்து, மேல்வாசனை எல்லாம் பறந்து, அடிவாசனை மட்டும் மிஞ்சியிருந்தது.

“கொலோம்ப், இங்க வா. யாருன்னு சொல்லு.”

கொலோம்ப் முகர்ந்தாள். சிரித்தாள்.

“நீதான்டி. எப்ப உள்ள போன?”

“நான் எங்கடி போனேன்? உன்கூடத்தான் நிக்கிறேன்.”

“அவனவனுக்கு அவனவன் வாசனை தெரியாது. எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிட்டு நூறு பேர் நடுவுல விட்டாலும் உன்னைப் பிடிச்சிடுவேன்.” அவள் அனூக்கின் காலரை இழுத்து முகர்ந்தாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. “அதே ஆள்தான். ஆனா உள்ள இருக்கிறவ பயந்து போயிருக்கா.”

பயத்துக்கு ஒரு வாசனை உண்டு. வெட்டிய வெங்காயமும் செப்புக் காசும் சேர்ந்தது போல இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள மூக்காக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

தடம் என்பது ஆள் போன பிறகு பின்னால் கிடப்பது. இது ஆள் உள்ளே போவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அனூக்குக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: அந்த அறைக்குள் அடைபடப்போகிறவள் நான். அப்படி நடக்க விடக்கூடாது.

அதற்கு அவள் செய்த காரியம் எந்த மூக்கும் செய்யக்கூடியதுதான். காற்றை உறிஞ்சும் விசிறியைப் போட்டாள். ஒரு துணியை, வாசனை கலக்க வைத்திருந்த சாராயத்தில் நனைத்துக்கொண்டாள். வாசனையைத் துடைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள்.

“கதவைப் பிடிச்சுக்கோ. விடாதே,” என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

கொலோம்ப் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அனூக் சுவர் சுவராகத் துடைத்தாள். கதவின் உட்புறத்தில் மோவாய் படுகிற உயரத்தில்தான் அந்த வாசனை அப்பியிருந்தது. அதை இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தாள்.

விசிறி ஓர் இழுப்பு இழுத்தது. கொலோம்ப் தடுமாறினாள். கதவு சாத்திக்கொண்டது.

கண் இமைக்கிற நேரம்தான். கொலோம்ப் உடனே தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். கதவு திறந்தது. அனூக் வெளியே வந்தாள்.

“பயந்துட்டேன்டி. ஏன் ஒரு சத்தம்கூடப் போடல?” என்றாள் கொலோம்ப்.

“மூடினதே எனக்குத் தெரியல.”

மூச்சு வந்தது. ஆபத்து தாண்டிவிட்டது என்று அனூக் நினைத்தாள். தண்டவாளத்தைக் கடந்த பிறகு ரயில் போகுமே, அந்த மாதிரி ஒரு நிம்மதி.

மதியம் முற்றத்து நிழலில் கொலோம்ப் முலாம்பழத்தை வெட்டினாள். அனூக்குக்குப் பசிக்கவில்லை. தண்ணீரும் வேண்டியிருக்கவில்லை.

“இந்த வெயில்ல ஒரு வாய்த் தண்ணிகூட வேணாமா? ஒட்டகமா நீ?”

“தாகமே இல்லடி.”

சாப்பிட்டு முடித்ததும் இருவரும் பெட்டிக்குப் போனார்கள். அனூக் மூடியை நகர்த்தினாள்.

வாசனை முகத்தில் அறைந்தது.

முன்பைவிடக் கனமாக, முன்பைவிடப் பழையதாக. அத்தி இலை போய்விட்டிருந்தது. புகையும் போய்விட்டது. வெறும் ஐரிஸ் கிழங்கு மட்டும், மண் போல. வெளியே மதியம்தான் ஆகியிருந்தது. உள்ளே ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்திருந்தன. அனூக் அதைப் புத்தகம் போலப் படித்தாள். காய்ந்த வாய். அழுது உப்புப் பூத்த கன்னம். அப்புறம் ஈர இரும்பு.

நகத்து ரத்தம்.

“திற,” என்றாள் கொலோம்ப்.

திறந்தார்கள். வெள்ளை ஓடு. வெள்ளை விளக்கு. அறை காலி. கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் வாசனை அவர்கள் காலைச் சுற்றி நடைபாதையில் வழிந்தது. கொலோம்ப் வாசலிலேயே நின்றாள்.

“உள்ளதான் இருக்கா,” என்று கிசுகிசுத்தாள். “அந்த மூலையில. உக்காந்திருக்கா.”

அனூக் அவளைப் பிடித்து இழுத்தாள். கதவைத் தள்ளிச் சாத்தித் தாழ் போட்டாள்.

“போயிடலாம். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வா.”

கொலோம்பின் காரில் ஏறினார்கள். அனூக் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். சாவியைத் திருகப் போன கொலோம்ப் கையை நிறுத்தினாள். ஜன்னல்களெல்லாம் மூடியிருந்தன. உள்ளே அடித்த வாசனை: வெயிலில் சூடேறிய தோல் இருக்கை, முலாம்பழம், கொலோம்பின் வியர்வை.

கொலோம்ப் மெல்லத் திரும்பினாள்.

“கையைக் கொடு.”

மணிக்கட்டை முகர்ந்தாள். முழங்கை மடிப்பை முகர்ந்தாள். எட்டி, கழுத்தில் மூக்கை வைத்தாள். குழந்தையை முகர்கிற மாதிரி நெடுநேரம் முகர்ந்தாள்.

“என்னடி?”

“ஒண்ணுமே இல்ல.” கொலோம்ப் பின்னால் சாய்ந்தாள். “கண்ணாடியை மோந்த மாதிரி இருக்கு.”

“சாராயத்துல துடைச்சேன் இல்ல, அதான்.”

“சாராயம்கூட இல்லடி.”

கொலோம்ப் அவள் கண்களைப் பார்க்கவில்லை. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“இரு. இதோ வந்துடறேன்.”

எங்கே போகிறாள் என்று அனூக்குக்குத் தெரியும். அவள் இடத்தில் தான் இருந்தாலும் அங்கேதான் போயிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒருத்தி, பெட்டிக்குள் வாசனை அடிப்பது இன்னொருத்தி. கொலோம்ப் எதை நம்புவாள் என்று கேட்கவே வேண்டாம்.

“கொலோம்ப், போகாதே. நான் இங்க இருக்கேன். இங்கதான் இருக்கேன்.”

கார்க் கதவு சாத்திக்கொண்டது. அனூக் கைப்பிடியை இழுத்தாள். அது அசையவில்லை. பெல்ட்டின் பொத்தானை அழுத்தினாள். விரல் அழுத்தியது, பொத்தான் அழுந்தவில்லை. வெயில் நேரே மடியில் விழுந்தது. அது சுடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

நெடுநேரம் கழித்துக் கட்டடத்தின் வாசலில் கொலோம்ப் தெரிந்தாள். தனியாக வரவில்லை. ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தாங்கிக்கொண்டு வந்தாள். அனூக் போட்டிருந்த அதே நீலச் சட்டை. உதடெல்லாம் வெடித்திருந்தது. விரல் நுனிகளில் ரத்தம் காய்ந்திருந்தது. கொலோம்ப் அழுதுகொண்டே அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள், அவள் தலைமயிரை முகர்ந்தாள், மறுபடி முத்தம் கொடுத்தாள்.

“கண்ணை மூடிக்கிட்டுதான் உள்ள போனேன்,” என்று சொல்வது கேட்டது. “கண்ணைத் திறந்திருந்தா உன்னை விட்டுட்டுப் போயிருப்பேன்டி. மன்னிச்சிடு.”

“தண்ணி,” என்றாள் அந்தப் பெண். அனூக்கின் குரலில்.

அனூக் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். கத்தினாள். கொலோம்ப் காருக்கு வந்து முன் கதவைத் திறந்தாள். அனூக்கின் முகத்துக்கு நேரே குனிந்தாள். அவள் பார்வை காலி இருக்கையைப் பார்க்கிற பார்வையாக இருந்தது.

“ஏறுடி.”

அந்தப் பெண் ஒரு காலை எடுத்து வைத்தாள். உடனே பின்வாங்கினாள்.

“முன்னால வேணாம். அங்க யாரோ இருக்காங்க.”

கொலோம்ப் இருக்கைமேல் குனிந்தாள். அனூக்கின் மார்பருகே, தோளருகே, வாயருகே மூக்கைக் கொண்டுபோய் நிதானமாக, தொழில்காரியாக முகர்ந்தாள். அனூக் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஏதாவது இருக்கட்டும், ஒரு துளி வியர்வையாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“யாரும் இல்லடி. நான் மோந்து பாத்துட்டேன்.”

அப்போதுதான் கொலோம்பின் கண் பெல்ட்டில் பட்டது. காலி இருக்கைக்குக் குறுக்கே அது இறுக்கமாக மாட்டியிருந்தது, நடுவில் காற்றை அணைத்தபடி. அவள் கை அதை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றது.

கையை இழுத்துக்கொண்டாள். முன் கதவைச் சாத்தினாள். தோழியைப் பின்னால் படுக்கவைத்து, தண்ணீரைக் கொடுத்து, தான் வந்து உட்கார்ந்து, பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பாமலே வண்டியைக் கிளப்பினாள். கதவுகள் நான்கும் பூட்டிக்கொண்டன.