செத்த வண்டிக்குத் திரும்பிய ஸ்டார்ட்டர்

ஹால்வர் நீகார்ட் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஆரின் ட்வெட்டின் சமையலறைக்குள் நுழைந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, வில்மாவும் அங்கே இருந்தாள். இருந்தது தற்செயல் அல்ல. தபால் பையோடு மொன்டானாவின் அந்த மூலையில் தினமும் அறுபது மைல் சுற்றும் வில்மா, ஆரின் வீட்டில் மட்டும் வண்டியை நிறுத்திக் காபி குடிப்பாள். காபி வாயில் வைக்க முடியாது. ஆனால் அவரிடம் வந்து சேரும் புதிர்களுக்காக அவள் எதையும் குடிப்பாள்.

ஆரின் முப்பது வருஷம் மாடுகளின் சூட்டுக்குறி பார்த்த அதிகாரி. எந்த மாடு யாருடையது, எந்தக் குறியின்மேல் எந்தக் குறி ஏறியிருக்கிறது என்று தோலைத் தடவியே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு மாடுகள் வருவது நின்றது, மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள்.

"வண்டில என் பொண்ணு மாட்டறத யாரோ கழட்டிடறாங்க, ஆரின்," என்றார் ஹால்வர், உட்காராமலே.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். மார்ச் மாதம் ரோட்டில் பனி உறைந்திருந்தபோது ஹால்வரின் ஐம்பத்தொன்றாம் வருஷத்துச் சிவப்பு பிக்கப் வழுக்கி, ஓடைப் பள்ளத்தில் இரண்டு முறை உருண்டது. வண்டியின் முன்பக்கம் நசுங்கியது, ஹால்வரின் இடுப்பெலும்பு உடைந்தது. சியாட்டிலில் விமானங்களைப் பழுதுபார்க்கும் மகள் சிக்னே லீவு போட்டு ஓடி வந்தாள். பக்கத்துப் பண்ணை எமெட்டிடம் அதே மாடலில் ஒரு பச்சை வண்டி பதினொரு வருஷமாக மரங்களுக்கு நடுவே செத்துக் கிடந்தது. அதைப் பார்ட்ஸ் வண்டியாக வாங்கி, உறுப்பு உறுப்பாகக் கழற்றிச் சிவப்பு வண்டிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓடுகிற அன்றைக்கே கிளம்பி வருவதாக அவள் முதலாளியிடம் போனில் சொன்னதை ஹால்வர் காதால் கேட்டிருந்தார்.

வேலை முடியும் நேரத்தில்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. முதலில் கார்புரேட்டர். சிவப்பில் மாட்டியிருந்தது, மறுநாள் பார்த்தால் பச்சையில் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்து, போன வியாழக்கிழமை, ஸ்டார்ட்டர் மோட்டார். சிக்னே சனிக்கிழமை அதைத் திரும்ப மாட்டினாள். திங்கட்கிழமை மறுபடியும் பச்சைக்குப் போய்விட்டது. எதுவும் திருடு போகவில்லை. எல்லாம் நடந்தது மத்தியானம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில். அந்த நேரத்தில் ஹால்வர் வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவார், சிக்னே டவுனுக்குப் போயிருப்பாள்.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் ஆரின்.

ஹால்வர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே, அவரைக் கூட்டிவந்த எமெட் தன் வண்டியில் காத்திருந்தான். வில்மாவின் கண்ணும் அங்கேதான் போனது.

"என் மேலதான்," என்றார் ஹால்வர். "எங்கண்ணன் கடைசி காலத்துல மாடே இல்லாத கொட்டாய்க்குப் பால் கறக்கப் போவான். திரும்பி வந்து, போகவே இல்லன்னு சத்தியம் பண்ணுவான். இப்ப தூங்கறதுக்கு முன்னாடி என் பூட்ஸ் கயிறு ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டு வெக்கறேன். எந்திரிச்சுப் பாத்தா முடிச்சு அப்படியேதான் இருக்கு. ஆனா அதத் திரும்பிப் போட்டதும் நானா இருக்கலாமே."

ஆரின் ஒரு நாற்காலியை ஹால்வர் பக்கம் நகர்த்தினார். அவர் உட்காரவில்லை.

"நான்தானான்னு நீ பாத்துச் சொல்லு. நான்தான்னா, முதியோர் இல்லத்துக்கு நானே போயிடறேன். அவ வேலைய விட்டுட்டு என்னைக் காவல் காத்துக்கிட்டு உக்காரக் கூடாது."

அவர் போனதும் வில்மா தன் தீர்ப்பை வைத்தாள். எமெட்தான். பச்சை வண்டியை இழுத்துக்கொண்டு போன அன்று அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை அவளே பார்த்தாள். விற்றுவிட்டு ஏங்குகிறான், அதனால்தான் வண்டியை மறுபடி முழுசாக்கப் பார்க்கிறான்.

"அவன் வீட்டு கேட் எப்படி நிக்குது?" என்று கேட்டார் ஆரின்.

"கம்பி கட்டி நிக்குது. தபால் பெட்டியும் அப்படித்தான். வைக்கோல் கட்டற கம்பி இல்லன்னா அந்த ஆளோட கால்சட்டையே நிக்காது."

"சரி. நாளைக்கு உன் சுத்து முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் சிக்னே முழங்கை வரை கிரீஸோடு அவர்களை வரவேற்றாள். நாற்பது வயது, அப்பாவின் தாடை, அப்பாவைப் போலவே குறைந்த பேச்சு. ஷெட்டில் சிவப்பு வண்டி ஏறக்குறைய முழுசாக நின்றது. ஒரு கதவு மட்டும் பச்சை. அவள் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு மெல்லிய மஞ்சள் பெயிண்ட் கோடு தொடங்கி, பக்கத்து இரும்பில் போய் முடிந்தது. அது என்ன அலங்காரம் என்று வில்மா கேட்டாள்.

"ஏரோப்ளேன் வேலைல ஒட்டிக்கிட்ட பழக்கம். இறுக்கினதும் ஒரு கோடு இழுத்துடுவோம். கோடு உடையாம இருந்தா போல்ட் அசையலன்னு அர்த்தம். அப்புறம் அதப் பத்தி யோசிக்கவே வேணாம்."

வண்டி ஓடியதும் கிளம்பிவிடுவாளா என்று ஆரின் விசாரித்தார். "கிளம்பணும்ல," என்று சொல்லி, ஏற்கனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தாள். பத்து மைல் தள்ளி, வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானக் கொட்டகையில் மெக்கானிக் தேடுகிறார்கள் என்று வில்மா சும்மா சொல்லிவைத்தாள். ஊரில் யாருக்கு என்ன ஆள் வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. சிக்னே அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தாள்.

பச்சை வண்டி ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. டயர் இல்லாமல், வெறும் சக்கரத்தில், தரையோடு தரையாக முட்செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. ஆரின் நின்றபடியே பானெட்டைத் திறந்து கார்புரேட்டரைப் பார்த்தார். அதன் நட்டுகளில் விரலால் தடவிய கிரீஸ் இருந்தது. அடியில், கசியாமல் அடைக்கும் கேஸ்கெட், புதிதாக அட்டையில் வெட்டி வைத்திருந்தது. அதன் ஓரத்தில் நீல எழுத்துகளில் பாதி தெரிந்தது.

ஸ்டார்ட்டர் வண்டியின் வயிற்றுக்குக் கீழே இருந்தது. வில்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து நுழைந்தாள். முட்செடிகள் ஏற்கனவே ஆள் அகலத்துக்கு நசுங்கியிருந்தன. அப்படியும் அவள் சட்டை கிழிந்தது.

"ரெண்டு போல்ட்," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "சுத்தமா இருக்கு. மஞ்சள் கோடும் போட்டிருக்கு, எல்லாத்துலயும் இருக்கற மாதிரி. வேற ஒண்ணும் இல்ல."

"கோடு போல்ட்டோட நின்னுடுதா? பச்சை வண்டி இரும்புலயும் தொடர்ந்து போகுதா?"

"தொடர்ந்து போகுது. எங்கயும் உடையல."

"வெளிய வா. போதும்," என்றார் ஆரின். வில்மா வெளியே வருவதற்குள் திணறிப்போனாள். அவர் அதையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீகார்ட் வீட்டுச் சமையலறையில் சிக்னே காபி தந்தாள். அடுப்புக்கு மேலே ஓட்ஸ் அட்டை டப்பா ஒன்று இருந்தது. நீல எழுத்து. அதன் மூடியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்தது. வில்மாவின் பிடிவாதத்தால் எமெட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் எதற்கென்று தெரியாமல் வந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். மூன்று மணிக்கு ஹால்வர் தூங்கி எழுந்து காலுறையோடு வந்தார். கையில், கயிறு சேர்த்து முடிச்சுப் போட்ட பூட்ஸ் தொங்கியது.

"அது என்னப்பா?" என்றாள் சிக்னே.

ஹால்வர் ஆரினைப் பார்த்தார். ஆரின் கோப்பையை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"மொதல்ல எமெட். எமெட் மாட்டியிருந்தா ஸ்டார்ட்டர் கம்பில தொங்கும். அவனுக்கு போல்ட்டுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது."

"அது உண்மதான்," என்றான் எமெட், கொஞ்சம்கூட வருத்தப்படாமல்.

"மாட்டுல சூடு மாதிரி, கை வேலைக்கும் ஒரு குறி உண்டு. அந்த வண்டில ரெண்டு குறி இருக்கு. கார்புரேட்டர்ல கிரீஸும் ஓட்ஸ் டப்பா அட்டையும். சிக்னே அட்டைய வெட்டமாட்டா, கேஸ்கெட் ஆர்டர் பண்ணி வரவழைப்பா. ஓடவே போகாத வண்டிக்குப் புது கேஸ்கெட் வெட்டிப் போட்டவன், அது இல்லாம மாட்ட மனசு வராத பழைய ஆளு. நின்னுக்கிட்டே செய்யற வேலை அது. ஹால்வர், அது நீ. தூக்கத்துல யாரும் இவ்வளவு அழகா கேஸ்கெட் வெட்ட முடியாது. தெரிஞ்சேதான் பண்ணியிருக்க."

ஹால்வர் மேசையைப் பார்த்தார். "அது ஒண்ணுதான் பண்ணேன். ரெண்டு நாளாவது கூட இருப்பாளேன்னு. அதுக்கப்புறம்தான் ஸ்டார்ட்டர்... அத நான் பண்ணதா ஞாபகமே இல்ல, ஆரின்."

"பண்ணியிருந்தாத்தானே ஞாபகம் இருக்கும். அது இருக்கறது வண்டிக்கு அடில. வில்மாவே சட்டையக் கிழிச்சுக்கிட்டுத்தான் வந்தா. உன் மூளைக்கு மறதி வரலாம், உடைஞ்ச இடுப்புக்கு வராது. அடில படுத்திருந்தா நீ இன்னும் அங்கதான் கெடப்ப." அவர் குரல் தணிந்தது. "போல்ட்ல மஞ்சள் கோடு இருக்கு. சிவப்பு வண்டில போட்ட கோடா இருந்தா, கழட்டினதும் ரெண்டா உடைஞ்சிருக்கும். இது பச்சை இரும்பு வரைக்கும் நேரா ஓடுது. அங்க இறுக்கினப்புறம், அங்கயே போட்ட கோடு. வேணும்னு போடல. கை பழகிப்போச்சு. இல்லையா சிக்னே?"

சிக்னே பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் டவுனுக்குப் போகல," என்றாள் கடைசியில். "ஓட்ஸ் அட்டையப் பாத்ததுமே அப்பா ஏன் பண்ணாருன்னு புரிஞ்சுது. கேக்க வாய் வரல. அதான் நானும்... அவருக்குத் தெரியும், அவருக்கும் இது புடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

"அவரு நெனச்சது வேற," என்றார் ஆரின். அண்ணனைப் பற்றியும், தினமும் போட்ட முடிச்சைப் பற்றியும், முதியோர் இல்லத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னார்.

அந்தப் பக்கத்து மனிதர்கள் பனிப்புயலில் அடுத்தவன் மாட்டைத் தேடிப் போவார்கள், எட்டு மைல் நடந்து மருந்து கொண்டுவருவார்கள். "போகாதே" என்று மட்டும் சொல்லத் தெரியாது. அதைச் சொல்வதற்குப் பதில் ஒரு வண்டியையே கழற்றிப் போடுவார்கள். அப்பாவும் மகளும் அதைத்தான் செய்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக.

சிக்னே எழுந்து வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். பூட்ஸை வாங்கி, முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். இறுகிப் போயிருந்ததால் நேரம் பிடித்தது.

"உன்ன பயமுறுத்திட்டேன்ப்பா."

"நீ போகணும்னு இருந்த. நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னு..."

"நான் எப்ப போகணும்னு சொன்னேன்? வண்டி ஓடினா போகணும்னுதான் சொன்னேன்."

"இரு கண்ணு," என்றார் ஹால்வர். எழுபத்து மூன்று வயதில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததை வில்மா முதல்முறையாகக் கேட்டாள். எமெட் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். வில்மா வெளிப்படையாகவே அழுதாள், அவளுக்கு அதிலெல்லாம் கூச்சம் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து, வில்மா தபால் சுற்றில் போய்க்கொண்டிருந்தபோது, பச்சைக் கதவு வைத்த சிவப்பு பிக்கப் ஒன்று எதிரே வந்தது. சிக்னே ஓட்டினாள். அந்த ஊர் வழக்கப்படி, வணக்கமாக, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள். பக்கத்தில் ஹால்வர், பிடிக்க ஸ்டியரிங் இல்லாததால், ஊன்றுகோலின் தலையிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

வண்டி ஓடிவிட்டதே, சிக்னே கிளம்பிவிடுவாளோ என்று வில்மா யோசித்துக்கொண்டே போனாள். நீகார்ட் வீட்டுத் தபால் பெட்டியில், அனுப்பத் தபால் இருக்கிறது என்பதற்கு அடையாளமான சின்னக் கொடி தூக்கியிருந்தது. உள்ளே ஒரே ஒரு அட்டை. முகவரி மாற்றப் படிவம். சியாட்டில் முகவரியிலிருந்து இந்தப் பண்ணைக்கு. தற்காலிகமா, நிரந்தரமா என்று கேட்கும் இடத்தில், நிரந்தரம் என்ற கட்டத்தில் பேனாவால் ஒரு குறி. அந்தக் குறியின்மேல் தொடங்கி, தாளின் விளிம்பு வரை, ஒரு மெல்லிய மஞ்சள் கோடு.

படிவத்தில் பெயிண்ட் படக்கூடாது என்று விதி இருக்கிறது. வில்மா கோட்டை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள். உடையவில்லை. அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, ஆரினிடம் காட்ட வண்டியைத் திருப்பினாள்.