கீறல் மூடும் மா

போறணை அடுப்புக்குள் தள்ளுவதற்காகப் பலகையில் அடுக்கிய பாண்களில் முதலாவதன் மேல், எமிலி சற்று முன்தான் பிளேட்டால் கீறிய சிலுவையைக் காணவில்லை.

மறந்திருப்பேன் என்று நினைத்து மறுபடியும் கீறினாள். செட்டிபாளையத்தில் வீட்டின் பின்புறம் அவள் நடத்தும் சின்னப் பேக்கரியில் சிலுவை இல்லாமல் எதுவும் வெந்ததில்லை. பாண் வெடிக்காமலிருக்கக் கீறல் வேண்டும். அது சிலுவையாகவே இருக்கட்டுமே என்பாள்.

சுவிஸிலிருந்து மச்சாள் கொண்டுவந்த புளித்த மா ஒரு போத்தலில். அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அரிசிமா ஒரு சட்டியில். இரண்டும் தனித்தனியே பொங்கிய பிறகு, பிசையும்போதுதான் சேர்ப்பது வழக்கம். மழைக் குளிரில் இரண்டுமே பொங்காமல் கிடந்ததால், நேற்று ஒரே சட்டியில் ஊற்றிப் போறணையோரம் வைத்துவிட்டாள். காலையில் அது மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பியிருந்தது.

வெள்ளத்தால் பள்ளிக்கூடம் இல்லை. மகள் டினோஷா, எட்டு வயது, எமிலி பாணுக்குப் பிசைய எடுத்தபோது அதை விரலால் வழித்து வாயில் போட்டாள்.

"பச்ச மாவத் தின்னாத புள்ள, வயிறு ஊதும்."

"ஊதினா நானும் பாண்தான். அப்பாட்டக் குடுங்க, வித்துப்போட்டு வருவார்."

"இந்த வாய் மூடினாத்தான் ஆரும் வாங்குவாங்க. போ!"

சிரித்தபடி இன்னொரு விரலும் வழித்துத் தின்றுவிட்டு அறைக்கு ஓடினாள்.

இப்போது பொழுது சாய்கிறது. மிச்சமிருந்த பாணைக் கொடுக்கப் போன கணவன் ஜெயராஜா இன்னும் வரவில்லை. தகரக் கூரையில் மழை இரைய, வாவிச் சேற்றின் வாடையும் கள்ளின் புளிப்பும் விறகுப் புகையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிய, எமிலி குனிந்து அந்தக் கீறலையே பார்த்தாள். அதன் ஈரமான இரு ஓரங்களும் மெல்ல நெருங்கின. தொட்டுக்கொண்டன. ஒட்டின. தழும்புகூட இல்லை.

தொட்டுப் பார்த்தாள். உடம்புச் சூடு.

ஆழமாகக் கீறினாள். மா பிளேட்டைக் கவ்வியது. இழுத்து எடுத்தாள். மூடிக்கொண்டது.

இதைத்தானே பிள்ளை தின்றாள்.

"டினோஷா!"

மழை மட்டும்.

"புள்ள... டினோஷா!"

எதற்கும் பதில் வைத்திருக்கிற பிள்ளை. காலையிலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஓடினாள். அறை இருட்டாக இருந்தது. புளிப்பு மணம். கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள் மகள்.

"என்ன புள்ள? இஞ்ச திரும்பு."

திரும்பினாள். கண்ணிரண்டிலும் நீர். மூக்குக்குக் கீழே தாடைவரை வழுவழுப்பான தோல். வெறும் தோல்.

அவள் பார்வை எமிலியின் கையிலிருந்த பிளேட்டில் நின்றது. மெல்ல விரலை உயர்த்தினாள். வாய் இருந்த இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுக் காட்டினாள்.

பிறகு, குறுக்காக ஒன்று.